பழைய கணினியில் ஏவி1 வன்பொருள் என்கோடர்: நேரலையிலும் பதிவிலும் செய்து பார்த்த அனுபவம்

விமான சிமுலேட்டரில் நான் ஓட்டும் பயணங்களை யூடியூபில் நேரலையாகக் கொடுப்பதும், அவற்றையே பதிவு செய்து பின்னர் வெட்டித் தொகுப்பதும் என் பொழுதுபோக்கு. காணொலியைச் சுருக்கும் எந்த என்கோடருக்கும் இது கடினமான காட்சி. விமானம் தாழப் பறக்கையில் கீழே ஓடும் மரக்கூட்டத்தில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளும் மாறுகின்றன. மேலே வானமோ மெல்ல மெல்ல நிறம் மாறும் ஒரே பரப்பாக நிற்கிறது. 1080பி, நொடிக்கு 60 ஃப்ரேம் என்ற அளவில், எச்.264 என்ற கோடெக்கில் (காணொலியைச் சுருக்கி விரிக்கும் முறை) நொடிக்கு 6,000 கிலோபிட் கொடுத்தாலும் தரையிறங்கும் நேரத்தில் மரங்கள் பச்சைக் கூழாகிவிடும். என் இணைய இணைப்பு அதற்கு மேல் நிலையாக மேலேற்றாது. ஆகவே பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவைக் கூட்டாமல் தரத்தைக் கூட்டுவதற்கு இருந்த ஒரே வழி, கோடெக்கை மாற்றுவதுதான்.

எச்.264 வெளியான ஆண்டு 2003. அதன் வாரிசான எச்.265 2013-இல் வந்தது. ஆனால் காப்புரிமை வைத்திருப்பவர்கள் பல குழுக்களாகப் பிரிந்து தனித்தனியே உரிமத்தொகை கேட்டதால், இணையத்தில் அது பரவுவது தடைப்பட்டது. உரிமத்தொகை இல்லாத கோடெக் ஒன்று வேண்டும் என்று கூகுள், மோசில்லா, நெட்ஃபிளிக்ஸ், அமேசான், இன்டெல், சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் 2015-இல் தொடங்கிய கூட்டணி, 2018-இல் ஏவி1-ஐ வெளியிட்டது. நேரலைக்கும் பதிவுக்கும் நான் பயன்படுத்தும் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருளில், 2022 தொடக்கத்தில் வந்த 27.2 பதிப்பிலேயே ஏவி1-க்கான, ப்ராசசரில் இயங்கும் மென்பொருள் என்கோடர்கள் சேர்க்கப்பட்டன. முதலில் அதைத்தான் முயன்றேன். சிமுலேட்டர் ஏற்கெனவே ப்ராசசரை முழுதாக விழுங்கும் ரகம். அதன் மேல் எஸ்விடி-ஏவி1 என்ற அந்த மென்பொருள் என்கோடரையும் ஏற்றியதும் இரண்டும் ஒன்றையொன்று பின்னுக்கு இழுத்தன. வேகத்தைக் கூட்டத் தரத்தைக் குறைத்துக்கொண்டே போனால், கோடெக் மாற்றியதன் பயனே இல்லாமல் போகிறது. நேரலைக்கு, கிராஃபிக்ஸ் கார்டின் சில்லிலேயே இருக்கும் வன்பொருள் என்கோடர்தான் சரி என்பது அப்போதே உறுதியாயிற்று.

கார்டு வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. "ஏவி1 ஆதரவு" என்று பெட்டியில் போட்டிருந்தாலே போதாது. டிகோட் செய்யும் ஆதரவா, என்கோட் செய்யும் ஆதரவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2020-இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக்கு ஏவி1-ஐ இயக்கிக் காட்டத் தெரியும், உருவாக்கத் தெரியாது. உருவாக்கும் சில்லு 2022-இல்தான் கடைக்கு வந்தது: முதலில் இன்டெல் ஆர்க், பின்பு என்விடியா ஆர்டிஎக்ஸ் 40, ஆண்டு முடிவில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 7000. ஆப்பிளின் எம்3-இலும் டிகோடர் மட்டுமே உள்ளது. என்னிடம் இருந்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பருக்கு ஏவி1-இல் இந்த இரண்டுமே கிடையாது.

சிமுலேட்டருக்கு அந்தக் கார்டு இன்னும் போதுமானதாகவே இருந்ததால் அதை மாற்ற மனம் வரவில்லை. என்கோட் வேலைக்கு மட்டும் இன்டெல் ஆர்க் ஏ380 ஒன்றை இரண்டாவது கார்டாகச் சேர்த்தேன். விளையாட்டுக்கு அது எளிய கார்டுதான். ஆனால் காணொலியைச் சுருக்கி விரிக்கும் அதன் மீடியா பகுதி, அந்த வரிசையின் உச்சியில் இருக்கும் ஏ770-இல் உள்ளதற்கு இணையானது. 75 வாட் வரம்புக்குள் இயங்குவதால் பழைய பவர் சப்ளையையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது ஸ்லாட் பார்வைக்கு நீளமாக இருந்தாலும், என் மதர்போர்டில் அதற்குத் தரவு கடக்கும் பிசிஐஇ பாதைகள் நான்கு மட்டுமே கிடைக்கின்றன. அது போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1080பி ஃப்ரேம் ஒன்று என்வி12 என்ற வண்ண வடிவத்தில் சுமார் 31 லட்சம் பைட். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஏறக்குறைய 187 மெகாபைட். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ-இன் நான்கு பாதைகள் நொடிக்குக் கிட்டத்தட்ட 3.9 ஜிகாபைட் தாங்கும். ஆகவே அங்கே நெரிசலுக்கு வாய்ப்பே இல்லை.

நெரிசல் வேறோர் இடத்தில் இருந்தது. ஓபிஎஸ்-இன் புள்ளிவிவரப் பலகையில் ஃப்ரேம் இழப்பு மூன்று வகையாகக் காட்டப்படுகிறது: காட்சியைக் கோத்து வரையும்போது தவறியவை, என்கோடர் தாமதத்தால் விடுபட்டவை, இணையத்தில் விழுந்தவை. ஏ380 வந்த பின் இரண்டாவது எண் சுழியமாகவே நின்றது. முதல் எண் மட்டும் ஏறியது. கேமரா, பெயர்ப்பலகை, விளையாட்டுத் திரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கும் வேலை பழைய கார்டிலேயே நடக்கிறது. சிமுலேட்டர் அதை முழுதாகப் பிடித்துக்கொண்டால், எத்தனை நல்ல என்கோடர் காத்திருந்தாலும் அதற்குக் கொடுக்க ஃப்ரேம் இருக்காது. சிமுலேட்டரின் ஃப்ரேம் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்து, விண்டோஸில் ஓபிஎஸ்-ஐ நிர்வாகி உரிமையுடன் திறந்த பிறகு அந்த எண்ணும் அடங்கியது.

அடுத்ததாக, நேரலைக்கான என்கோடர் பட்டியல். பதிவுப் பகுதியில் குவிக்சிங்க் ஏவி1 (இன்டெல் கார்டின் வன்பொருள் என்கோடர்) தெரிகிறது, நேரலைப் பகுதியில் காணவில்லை என்று பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். டிரைவர் பழுது என்று நினைத்து அதை நீக்கி நிறுவுவதற்கு முன் சேவையைப் பாருங்கள். தேர்ந்தெடுத்த சேவை ஏற்றுக்கொள்ளாத கோடெக்குகளை ஓபிஎஸ் பட்டியலிலிருந்து மறைத்துவிடுகிறது. யூடியூபைத் தேர்ந்தெடுத்தால் ஏவி1 தெரியும்.

இந்த ஒரு வரி பட்டியலில் வருவதற்கு எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய வியப்பு. நேரலைக்கு நாம் இன்றும் பயன்படுத்தும் ஆர்டிஎம்பி, ஃபிளாஷ் காலத்து நெறிமுறை. அதற்குள் காணொலி எஃப்எல்வி வடிவத்தில் பயணிக்கிறது. ஒவ்வொரு காணொலித் துண்டின் தலைப்பிலும் கோடெக்கைக் குறிக்க ஒதுக்கப்பட்ட இடம் வெறும் 4 பிட். எச்.264-க்கு அதில் 7 என்ற எண் உண்டு. ஏவி1-க்கு எண்ணே கிடையாது. சில்லு ஏவி1-ஐ உருவாக்கினாலும், ஓபிஎஸ் அதை வாங்கிக்கொண்டாலும், அனுப்பும் வழியில் அதற்கு ஒரு பெயர் இல்லை. மேம்படுத்தப்பட்ட ஆர்டிஎம்பி என்ற திருத்தம், 4 பிட் எண்ணுக்குப் பதில் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்றை அனுப்ப இடம் செய்தது. அந்த ஆதரவு ஓபிஎஸ்-இல் 2023 மே மாதம் வந்த 29.1 பதிப்பில் சேர்ந்தது. ஆர்க், ஆர்எக்ஸ் 7000 கார்டுகளின் ஏவி1 என்கோடர்கள் அதற்குச் சில மாதங்கள் முன்பே 29.0-இல் வந்திருந்தும், அதுவரை அவை பதிவுக்கு மட்டுமே பயன்பட்டன.

இனி, திரையில் கண்டது. ஒரே பயணத்தைப் பெரிய பிட்ரேட்டில் ஒருமுறை பதிவு செய்து வைத்து, அதையே மூலமாக ஓபிஎஸ்-இல் ஓட்டி, பழைய கார்டின் எச்.264-ஐயும் ஏ380-இன் ஏவி1-ஐயும் ஒரே 6,000 கிலோபிட்டில் ஒப்பிட்டேன். மரக்கூட்டத்தில் வித்தியாசம் உடனே தெரிந்தது; ஏவி1-இல் தனித்தனி மரமுடிகள் நின்றன. ஓடுபாதையின் வெள்ளைக் கோடு சாய்வாக நகரும்போது எச்.264-இல் அதன் ஓரம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து அதைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல இருந்தது. ஏவி1-இல் கோடு கோடாகவே வந்தது. ஓரங்களின் திசையைக் கண்டறிந்து அந்தத் திசையிலேயே சுத்தம் செய்யும் வடிகட்டி ஒன்று ஏவி1-இல் இருக்கிறது, எச்.264 படத்தை 16-க்கு 16 கட்டங்களாகவே பிரிக்க, ஏவி1-க்கு 128-க்கு 128 வரை பெரிய கட்டங்களுக்கும் அனுமதி உண்டு. வானம் போன்ற இடங்களில் மிச்சமாகும் பிட்டுகள் மரங்களுக்குப் போகின்றன என்பது என் புரிதல். பிட்ரேட்டை 4,000-க்கு இறக்கியபோதும் ஏவி1 படம் என் கண்ணுக்கு 6,000 எச்.264-ஐவிடத் தாழ்வாகப் படவில்லை. இணைப்பு தள்ளாடும் மாலை நேரங்களில் இதுவே எனக்குப் பெரிய விடுதலை.

யூடியூப் எதைப் பெற்றாலும் மறுபடி தன் வடிவங்களுக்கு மாற்றித்தான் பார்வையாளருக்குத் தருகிறது. ஆகவே பார்ப்பவரின் கைப்பேசியில் ஏவி1 டிகோடர் இல்லையே என்ற கவலை நேரலையில் வேண்டியதில்லை. மாற்றப்படும் மூலம் சுத்தமாக இருப்பதே நமக்குக் கிடைக்கும் ஆதாயம்.

பதிவில் நிலைமை வேறு. வட்டில் இடம் தாராளமாக இருந்து உயர்ந்த பிட்ரேட்டில் எழுதும்போது, எச்.264-க்கும் ஏவி1-க்கும் உள்ள வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே எனக்கு உதவியது, நிறச் சாயல்களை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும் 10 பிட் வண்ணம். என் பழைய கார்டின் எச்.264 என்கோடர் 8 பிட்டோடு நின்றுவிடும். ஓபிஎஸ்-இன் வண்ண வடிவத்தை 10 பிட்டுக்கான பி010 என்று மாற்றி ஏவி1-இல் எழுதியதும், விடியற்கால வானத்தில் வளையம் வளையமாகத் தெரிந்த பட்டைகள் பெருமளவு மறைந்தன. அந்த அமைப்பு நேரலைக்கும் பதிவுக்கும் பொதுவானது என்பதால், 10 பிட் தெரியாத என்கோடரை நேரலைக்கு வைத்துக்கொண்டு பதிவை மட்டும் மாற்ற முடியாது. இரண்டையும் ஏ380-க்கே கொடுத்துவிட்டேன்.

ஏவி1 தீர்க்காத குறை ஒன்று இருக்கிறது. விமானியறைக் கருவிகளில் கறுப்புப் பின்னணியில் வரும் சிறிய சிவப்பு, ஊதா எழுத்துகள் எந்தப் பிட்ரேட்டிலும் ஓரம் கசிந்தே தெரிகின்றன. 4:2:0 முறையில் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவல்தான் சேமிக்கப்படுகிறது. ஏ380-இன் ஏவி1 என்கோடர் அந்த முறையில் மட்டுமே எழுதும். கருவிகளை விளக்கும் பாடக் காணொலிகளுக்கு, பழைய கார்டின் எச்.264 என்கோடரில், ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறத் தகவல் வைக்கும் 4:4:4 முறையைத் தேர்ந்தெடுக்கிறேன். கோப்பு பெரிதாகிறது, ஆனால் எண்களைத் தெளிவாகப் படிக்க முடிகிறது.

கோப்பு வடிவத்துக்கு ஓபிஎஸ் 30.2-இல் வந்த கலப்பு எம்பி4-ஐ வைத்திருக்கிறேன். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை எழுதியது மிஞ்சும். தொகுக்கும்போது முன்னும் பின்னும் தாவுவது சுணங்காமல் இருக்க, கீஃப்ரேம் (முழுப் படமாகவே சேமிக்கப்படும் ஃப்ரேம்) இடைவெளியை ஒரு நொடி என்று குறைத்தேன். பார்ப்பதற்கு ஏ380-இன் டிகோடரே போதும். வன்பொருள் டிகோடர் இல்லாத கணினிகளிலும் வீடியோலேன் குழுவின் டேவ்1டி என்ற மென்பொருள் டிகோடர் 1080பி-யைச் சிரமமின்றி ஓட்டுகிறது. ஐபோன் 15 ப்ரோவுக்கு முந்தைய ஐபோன்களில் சஃபாரி ஏவி1-ஐ இயக்காது என்பதால், நண்பர்களுக்குக் கோப்பாகக் கொடுக்கும் துண்டுகளை மட்டும் எச்.264-க்கு மாற்றிவிடுகிறேன். அடுத்து, இதே ஏ380-ஐ லினக்ஸில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதன் மையக்கருவான கெர்னலின் 6.2 பதிப்பு முதல் ஆர்க் கார்டுகள் தனி அமைப்பு எதுவும் இல்லாமலே இயங்குகின்றன, ஓபிஎஸ்-உம் அங்கே குவிக்சிங்கை ஆதரிக்கத் தொடங்கிவிட்டது.