வேலை கிடைத்த பிறகுதான் கை காயும்: காண்ட்ராக்ட் ஐடி வேலையில் இடைவெளிக் கணக்கு

ஆகஸ்ட் 31-ல் ஒரு காண்ட்ராக்ட் முடிகிறது, டிசம்பர் 1-ல் அடுத்தது தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாட்காட்டிப்படி மூன்று மாத இடைவெளி. வங்கிக் கணக்கு வேறு கணக்குச் சொல்லும். பழைய இடத்தில் இன்வாய்ஸ் போட்ட 30 நாளில் பணம் என்பது கெடு என்றால், ஆகஸ்ட் இன்வாய்ஸுக்கான பணம் செப்டம்பர் 30-ல் வந்துவிடும். புது இடம் ஒரு வெண்டர், அதாவது இடைநிலை நிறுவனம், வழியாக; 60 நாள் கெடு. டிசம்பர் 31-ல் இன்வாய்ஸ் போட்டால் பணம் மார்ச் 1-ல். இடையில் ஐந்து மாதம். மூன்று மாதம்தானே வேலை இல்லை என்று நினைத்திருப்போம். செப்டம்பர் 30-ல் வந்த பணம் அக்டோபரை ஓட்டிவிடும், ஆக விட்டுப்போனது நான்கு மாத வருமானம்.

இதில் மூன்று மாதம் வேலை பார்த்துக்கொண்டே பணம் இல்லாமல் இருக்கும் காலம். சென்னையின் ஓஎம்ஆர் சாலைக்குப் போய்வரும் செலவு உண்டு, மதியச் சாப்பாட்டுச் செலவு உண்டு, வரவு மட்டும் இல்லை. ஆஃபர் கையில் வந்ததும் மூச்சு விட்டு, தள்ளிப்போட்ட செலவையெல்லாம் செய்துவிடுகிறோம். பலர் தடுமாறுவது அங்கேதான். புது காண்ட்ராக்டின் முதல் பணம் கணக்கில் ஏறும் நாள்வரை இடைவெளி முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

எவ்வளவு கையிருப்பு வேண்டும்? வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்துக்கு மாதம் 60,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டணம், காப்பீடு, வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி எனத் திரளாக வரும் செலவுகள் வருடத்துக்கு 1,80,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 15,000. ஆக உண்மையான மாதச் செலவு 75,000. விட்டுப்போகும் நான்கு மாதத்துக்கு 3,00,000. வெண்டர் தாமதத்துக்கு ஒரு மாதம் கூட்டினால் 3,75,000. இதை ஒரே வைப்புத்தொகையாகப் போடாதீர்கள். 75,000 வீதம் ஐந்தாகப் பிரித்துப் போட்டால், உடைக்கும் துண்டுக்கு மட்டும்தான் வட்டி குறையும். வாடிக்கையாளர் பணம் வரும் கணக்கும் வீட்டுக் கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றாம் தேதி வீட்டுக் கணக்குக்கு அதே 75,000 போக வேண்டும். நல்ல மாதத்தில் கூட்டாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

வீட்டு அட்வான்ஸை இந்தக் கையிருப்பில் சேர்க்காதீர்கள். 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்பது வீட்டைக் காலி செய்யும்போது சொல்வது. சீட்டு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: எடுத்த சீட்டுக்கு மாதத் தவணை நிற்காது, நின்றால் ஜாமீன் போட்டவரைக் கேட்பார்கள். அந்தத் தவணையையும் மாதச் செலவில் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பலர் மறந்துவிடும் ஒரு பணம் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி. தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வருடத்துக்கு 15 லட்சம் பில் செய்தால் 1,50,000 அரசிடம் இருக்கும். 2025-26 கணக்குப்படி, பழைய (1961) வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் பில் தொகையில் குறைந்தபட்சம் பாதியை, அதாவது 7,50,000-ஐ வருமானமாகக் காட்டலாம். தகவல் தொழில்நுட்பமும் அந்தத் தொழில் பட்டியலில் உண்டு. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராது. வேறு வருமானம் இல்லையென்றால் பிடித்த 1,50,000 முழுவதும் திரும்ப வரும். மேலே சொன்ன குடும்பத்துக்கு அது இரண்டு மாதச் செலவு. கடைசித் தேதிவரை ரிட்டர்னைத் தள்ளிப்போடுவது நம் பணத்தை நாமே பூட்டி வைப்பதுதான். ஜனவரி-மார்ச் காலாண்டுக்கான டி.டி.எஸ். கணக்கை மே 31-க்குள் பணம் கொடுத்த நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும்; ஜூன் நடுவில், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்து ஒவ்வொரு இன்வாய்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். இந்தப் பிரிவில் கணக்குக் காட்டி, வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் உள்ளவர்கள் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்ட வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில், முதல் பணம் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும்.

ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், வருமானம் இல்லாத மாதத்துக்கும் பூஜ்ஜிய ரிட்டர்ன் போட வேண்டும். 14409-க்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடிக்கலாம். விட்டால் ஒரு ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். தொகை சின்னது, தொடர்ந்து விட்டுப் பதிவே ரத்தானால் அடுத்த வெண்டர் உங்களைச் சேர்க்கும் நேரத்தில் மாட்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ளவர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் எல்.யு.டி.யை, அதாவது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதத்தை, புதுப்பிக்க வேண்டும்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை வேலை ஓடும்போதே செய்துவிடுங்கள், இலவசம்தான். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 60 நாள் கெடு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் சட்டம் 45-ஐத்தான் ஏற்கும். நடைமுறையில் புகாருக்குப் போகிறவர் குறைவு, உறவு முறிந்துவிடும் என்ற பயம். ஆனால் கெடு தாண்டிய தொகையை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்த நிறுவனங்கள் தங்கள் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். அதனால் மார்ச்சில், உத்யம் எண்ணைக் குறிப்பிட்டு அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு அனுப்பும் அமைதியான ஒரு மின்னஞ்சலுக்கு மதிப்பு அதிகம்.

முடியப்போகும் காண்ட்ராக்டின் கடைசி 30 நாளில் மூன்று காரியம். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். கடைசி இன்வாய்ஸ் தேங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தேதிகளுடன் பணி நிறைவுக் கடிதம் வாங்குங்கள். அடுத்த இடத்தில் பின்னணிச் சரிபார்ப்பில் அதைத்தான் கேட்பார்கள். மின்னஞ்சல் அணுகல் போவதற்கு முன் டைம்ஷீட் ஒப்புதல்களைப் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள், வாடிக்கையாளரின் ரகசிய விதி அனுமதிக்கும் அளவுக்கு.

முடியும் மாதத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்க வாடிக்கையாளர்கள் நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை புதிதாக ஆள் எடுப்பது அரிது. பட்ஜெட் தீர்ந்திருக்கும், மென்பொருளில் மாற்றம் செய்வதையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். அக்டோபரில் முடிகிற காண்ட்ராக்ட் என்றால் ஆகஸ்டிலேயே பேச்சைத் தொடங்குங்கள். அது தவறினால் ஜனவரி நடுவரை கதவு திறக்காது என்று வைத்துக் கையிருப்பைக் கணக்கிடுங்கள்.

வேலை இல்லாத நாளிலும் கிளவுட் பில் ஓடிக்கொண்டிருக்கும். அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்ஸில் இசி2 சர்வரை நிறுத்தினாலும் அதன் டிஸ்குக்குக் காசு உண்டு. பொது ஐபி முகவரிக்கு 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005 டாலர், மாதம் 3.6 டாலர் ஆகிறது. நிறுத்தி வைத்த ஆர்டிஎஸ் தரவுத்தளம் ஏழு நாளில் தானாக எழுந்துவிடும், பலர் ஏமாறுவது இதில்தான். ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நகல், எடுத்துவிட்டு அதை அழித்துவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை மட்டும் எந்த நெருக்கடியிலும் விடாதீர்கள். வருடப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டினால், முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கட்டப் பணமில்லையென்றால் கிரெடிட் கார்டு பாக்கியைச் சுழற்றுவதைவிட வங்கியில் நகையை வைப்பது மேல். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42. கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ நகைக்கடன் வட்டி ஏறக்குறைய அதில் நாலில் ஒரு பங்குதான். திருப்பும் தேதியை மட்டும் முதல் பணம் வரும் தேதிக்குப் பின்னால் வையுங்கள்.

ரேட்டைக் குறைத்துச் சேர்வதை நான் ஆதரிக்கமாட்டேன். அவசரத்தில் குறைத்த ரேட்தான் புதுப்பிக்கும்போதும் அடிப்படையாக நிற்கும். ரேட்டுக்குப் பதில் கெடுவில் பேரம் பேசுங்கள்: முதல் இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு இன்வாய்ஸ், 30 நாள் கெடு. வெண்டருக்கு இதனால் மொத்தச் செலவு கூடுவதில்லை என்பதால் இதை ஒத்துக்கொள்ள வைப்பது எளிது. டிசம்பர் 1-ல் சேர்ந்தவர் டிசம்பர் 15-ல் முதல் இன்வாய்ஸ் போடலாம். மார்ச் 1-ல் வரவேண்டியிருந்த முதல் பணம் ஜனவரி 14-ல், பொங்கலை ஒட்டி வந்துவிடும்.