கொல்லை ஓரத்துக் காடைக் குடும்பம்

பென்னாகரம் பக்கம் எங்கள் கொல்லையில் ராகிக்கு நடுவே துவரையும் அவரையும் நிற்கின்றன. வரப்போரத்துப் புல்லை இந்த வருடம் வெட்டாமல் விட்டோம். இப்போது காலையில் ஒரு காடைக் குடும்பம் களம் வரைக்கும் மேய வருகிறது!

மார்பில் வரிவரியாகக் கோடு போட்ட, பின்விரல் இல்லாத மூன்று விரல் காடை இது. இந்த இனத்தில் பெண்தான் பெரியது, கழுத்தில் கறுப்பு இருப்பதும் அதற்குத்தான். துணை தேடிக் கூவுவதும் மற்ற பெண்களோடு சண்டைக்குப் போவதும் அதுவே. தூரத்தில் மோட்டார் பைக் போவதுபோல 'டுர்ர்ர்' என்று ஒரு சத்தம். முட்டையிட்டதும் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சுகளை வளர்ப்பது எல்லாம் அப்பாதான். சுமார் 12 நாளில் பொரித்துவிடும், குஞ்சுகளும் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடும். அப்பா அலகில் பூச்சியைப் பிடித்து நீட்ட, குஞ்சுகள் ஓடிவந்து வாங்கிக்கொள்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு நிறைகிறது.

கௌதாரி, செம்போத்து, அப்புறம் ஒரு கீரியும் வரும். கீரியைப் பார்த்தால் பதறுகிறது. ஆனால் விரட்டுவதில்லை, அதற்கும் வயிறு இருக்கிறது.

கண்ணி வைப்பவர்களுக்கு ஒன்று: காட்டுக் காடையையும் கௌதாரியையும் பிடிப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாப்பிட ஆசையென்றால் பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை கடையில் கிடைக்கிறது. அறுவடைக்கு மெஷின் விடுபவர்கள் வயலின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓட்டச் சொல்லுங்கள், குஞ்சுகள் வெளியே ஓட வழி கிடைக்கும்.