டிக் வெல்டிங் மெஷினுக்கு ஒரு கால் பெடல்

டங்ஸ்டன் முனைக்கும் உலோகத்துக்கும் நடுவே மின்பொறி (ஆர்க்) எரியவிட்டு, அந்தச் சூட்டில் உலோகத்தை உருக்கி இணைப்பது டிக் வெல்டிங். என் டிக் மெஷினுக்கு நானே கால் பெடல் செய்து முடித்துவிட்டேன். இன்று முதல் முறை அதை மிதித்து ஓட்டிய சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

உள்ளே இருப்பது இரண்டே சமாச்சாரம். ஆர்க்கைத் தொடங்க ஒரு மைக்ரோ சுவிட்ச், கரண்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர், அதாவது தண்டைத் திருப்பினால் மின்தடை மாறும் பாகம். என்னுடையதற்கு 10 கிலோ ஓம், லீனியர் வகை (திருப்பும் அளவுக்கு ஏற்பச் சீராக மாறுவது). இது மெஷினுக்கு மெஷின் மாறும், மேனுவலைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

பாடாய்ப் படுத்தியது மெக்கானிசம்தான். பெடல் அசைவதே 15 டிகிரி. பொட்டென்ஷியோமீட்டரின் தண்டோ கிட்டத்தட்ட 270 டிகிரி திரும்ப வேண்டும். முதலில் நூல் சுற்றிப் பார்த்தேன், வழுக்கியது. அப்புறம் பல்சக்கரமும் நேர் பல்தண்டும் வைத்தேன். 20 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் அவ்வளவு சுற்ற 47 மி.மீ. நகர்வு வேண்டும்; கீலிலிருந்து 18 செ.மீ. தள்ளிப் பல்தண்டைப் பொருத்தினால் அந்த நகர்வு சரியாகக் கிடைக்கிறது. காலை எடுத்ததும் மேலே வர ஒரு ஸ்பிரிங்.

ஹை ஃப்ரீக்வென்சி ஸ்டார்ட் (உயர் அதிர்வெண் மின்சாரத்தால் ஆர்க்கைத் தொடங்குவது) உள்ள மெஷின் என்றால், அதன் இரைச்சல் பெடல் வயரில் புகாமல் இருக்க, மேலே உலோக உறை சுற்றிய ஷீல்டு கேபிள்தான் போட வேண்டும்.

அலுமினியத்தில் வித்தியாசம் உடனே தெரிந்தது. போகப் போக உலோகம் சூடேறி, உருகி நிற்கும் உலோகக் குளம் அகலும். காலை லேசாகத் தளர்த்தினால் அடங்கிவிடுகிறது. முடிக்கும் இடத்தில் மெதுவாகக் கரண்ட்டைக் குறைத்துக்கொண்டே ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) கொடுத்தேன். வழக்கமாக விழும் குழியும் இல்லை, அதில் ஓடும் விரிசலும் இல்லை.

நாளை மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.