ஓடிபி அவர் போனுக்குப் போகும்: வக்கீலைப் பார்க்க நான் அலைந்த கதை

வழக்குப் போட வேண்டும் என்ற முடிவுக்கெல்லாம் நான் அப்போது வரவில்லை. பிரிந்தால் என் நிலைமையில் என்னவெல்லாம் நடக்கும், பெண் யாரிடம் இருப்பாள், கையில் என்ன மிஞ்சும் என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் அரை மணி நேரம் பேச வேண்டும், அவ்வளவுதான். அதுவும் வீட்டுக்குத் தெரியாமல். பேசுவதற்கு ஆள் கிடைப்பதில் பெரிய கஷ்டம் இல்லை. நான் இன்னார் என்று காட்டுவதில்தான் மொத்தக் கூத்தும் நடந்தது.

எங்கள் ஊர் வக்கீல்கள் யாரிடமும் போக முடியாது. என் கணவருடைய சித்தப்பா பத்திர எழுத்தர். கோர்ட்டு வாசலில் டீ குடிக்கிற அத்தனை பேரும் அவருக்குப் பழக்கம். வெளியூர் வக்கீலுக்குப் பணம் கொடுக்கலாம் என்றால் கணவரோடு ஜாயிண்ட் அக்கவுண்ட். நூறு ரூபாய் எடுத்தாலும் அவர் போனில் மெசேஜ் சத்தம் கேட்கும். அதனால் இலவச சட்ட உதவிதான் வழி என்று மாவட்டத் தலைநகரில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். ஸ்கூலில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் சொல்லித்தான் அப்படி ஒன்று மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருப்பது தெரியும்.

ஆதார் அட்டை பீரோ லாக்கரில், சாவி அவர் இடுப்பில். சரி, இ-ஆதார் இறக்கிக்கொள்ளலாம் என்றால் ஓடிபி அவர் நம்பருக்குப் போகும். கல்யாணத்துக்குப் பிறகு முகவரியும் இனிஷியலும் மாற்றப் போனபோது படிவத்தை நிரப்பியது அவர். செல் நம்பர் கட்டத்தில் தன் நம்பரை எழுதினார். அன்றைக்கு அது யாருக்குத் தப்பாகத் தெரியும்? எத்தனையோ வீடுகளில் அப்பா நம்பர், அம்மா நம்பர், பிள்ளைகள் நம்பர் என்று எல்லா ஆதாருக்கும் ஒரே செல்தான்.

கையில் இருந்தது பான் கார்டும் வாக்காளர் அட்டையும். இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இதுல ஒரு இனிஷியல், அதுல வேற இனிஷியல். ரெண்டும் நீங்கதான்னு நான் எப்படி நம்புறது?" பான் கார்டு கல்யாணத்துக்கு முன் எடுத்தது, அப்பா பெயரின் முதல் எழுத்து, வாக்காளர் அட்டையில் கணவர் பெயர். இந்த நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆதார் கொண்டு வா என்றார். அப்புறம், வருமானச் சான்று எங்கே என்றார்.

வருமானச் சான்றை வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இ-சேவை மையத்தில் பதிய வேண்டும், வி.ஏ.ஓ. பார்க்க வேண்டும், ஆர்.ஐ. பார்க்க வேண்டும், அதற்கு மேல்தான் தாசில்தார். நடுவில் யாராவது வீட்டுப் பக்கம் வந்து "சார், உங்க சம்சாரம் சான்று கேட்டிருக்காங்களே, எதுக்கு?" என்று கேட்டால் கதை முடிந்தது. வி.ஏ.ஓ. எங்கள் தெருவில் பால் வாங்குகிறவர்.

நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது போல. குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க. நோட்டீஸ் அனுப்பி ரெண்டு பேரையும் கூப்பிட்டு வச்சு பேசி முடிச்சு விட்டுடலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பேனாவை எடுத்து நம்பர் எழுதத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். நம்பர் மாறிவிட்டது, புதுசு மனப்பாடமாக இல்லை என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸுக்குக் கொடுத்த காசும், ஸ்கூலில் போட்ட அரை நாள் லீவும் தண்டம்.

போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: விண்ணப்பத்தில் 'சட்ட ஆலோசனை மட்டும்' என்று உங்கள் கையால் எழுதுங்கள். எதிர்த்தரப்பின் பெயர், முகவரி கேட்கும் கட்டங்களை ஆலோசனைக்காக நிரப்ப வேண்டியதில்லை. அதை நிரப்பி, குறையை மனுவாக எழுதிக் கொடுத்தால், சமரசப் பேச்சுக்கு அழைத்து அந்த முகவரிக்குக் கடிதம் போகலாம். உங்கள் பெயரையே போட்டு, அரசு முத்திரை குத்திய கவர் வந்தால் அதை மாமியார் வாங்கி வைத்திருப்பார்.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து யோசித்ததில், ஆதாரில் என் நம்பரை ஏற்றாமல் எதுவும் நகராது என்று புரிந்தது. அதிலும் ஒரு முடிச்சு. நான் கல்யாணமானதிலிருந்து வைத்திருக்கிற சிம்மே அவர் பெயரில் வாங்கியது. அந்த நம்பரை ஆதாரில் போட்டு என்ன பிரயோஜனம்? நாளைக்கே சிம் தொலைந்துவிட்டது என்று கடையில் சொல்லி டூப்ளிகேட் எடுத்தால் என் ஓடிபி மறுபடி அவரிடம். நீங்கள் வைத்திருக்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

என் பெயரில் புது சிம் வாங்க அட்டை தேவைப்படவில்லை. ஆதார் நம்பர் ஸ்கூல் சம்பளப் பதிவேட்டில் இருந்தது. கடையில் நம்பரைச் சொல்லி, கைரேகை வைத்தேன், வேலை முடிந்தது. அக்கா வீட்டில் சும்மா கிடந்த பட்டன் போனில் அதைப் போட்டு, ஸ்டாஃப் ரூம் மேசை டிராயரில், கரெக்ஷன் நோட்டுகளுக்கு அடியில் வைத்தேன். அது வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஆதாரில் செல் நம்பர் மாற்றுவதை ஆன்லைனில் செய்யலாமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் நேரில் போவதே உத்தமம். தபால் அலுவலகங்கள் சிலவற்றிலும் வங்கிக் கிளைகள் சிலவற்றிலும் ஆதார் மையம் இருக்கிறது. நம்பர் மாற்றத்துக்கு எந்த ஆவணமும் கேட்பதில்லை, பழைய நம்பருக்கு வந்த ஓடிபியும் வேண்டாம். உங்கள் விரல் போதும். நான் போனபோது கட்டணம் 50 ரூபாய். பிறகு 75 ஆக்கிவிட்டார்கள். கொடுக்கிற ஒப்புகைச் சீட்டில் புது நம்பர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். எனக்குக் கடைசி இரண்டு எண்ணை இடம் மாற்றி அடித்திருந்தார்கள். சொன்னதும் அந்தப் பெண் திருத்திக் கொடுத்தாள். கவனிக்காமல் வந்திருந்தால் யாரோ ஒரு மூன்றாம் மனிதருக்கு என் ஓடிபி போயிருக்கும். மாற்றம் ஏற 30 நாள் வரை ஆகலாம் என்றார்கள், அதற்கு வெகு முன்பே ஏறிவிட்டது. பழைய நம்பருக்கு ஏதாவது தகவல் போய்விடுமோ என்று அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. அவர் எதுவும் கேட்கவில்லை.

நம்பர் ஏறியதும் இ-ஆதாரை இறக்கினேன். இதில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் பிரதி ஒன்று உண்டு. இறக்கும்போதே அதற்கு ஒரு டிக் இருக்கும். அதைத்தான் எடுத்தேன். கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும் என்பதால், அந்தக் கோப்பு யார் கையில் கிடைத்தாலும் உங்களைத் தெரிந்தவர் திறந்துவிடுவார். வீட்டு லேப்டாப்பில் இறக்கவே வேண்டாம்.

பிரிண்ட் எடுக்கிற இடத்தில் மறுபடி சோதனை. கடைக்காரர் போனை நீட்டி, "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல போடுங்க மேடம்" என்றார். அவர் கம்ப்யூட்டர் திரையில் அன்றைக்கு வந்தவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் வரிசையாக, கொடியில் காயப்போட்ட துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். ஸ்கூல் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்கிறேன் என்று திரும்பிவிட்டேன். அக்காவே எடுத்துக் கொடுத்தார், எடுத்ததும் கோப்பை அழித்தும் விட்டார். நகலின் மேல் 'சட்ட ஆலோசனைக்கு மட்டும்' என்று குறுக்காக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

இன்னொன்று. ஆதார் நகலைக் கொடுத்தால் யார் போனுக்கும் மெசேஜ் போகாது. அது வெறும் தாள். நம்பரைக் கணினியில் தட்டி ஓடிபியோ விரலோ கேட்டால்தான் பதிவாகும், அந்தப் பதிவை ஆதார் தளத்தில் பிறகு பார்க்கவும் முடியும். உங்கள் நம்பர் இன்னும் வீட்டுக்காரர் செல்லில் இருந்தால், நகல் வாங்கிக்கொள்ளுங்கள், ஓடிபி வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மறுபடி போவதற்கு முன் 15100-க்குப் பேசினேன். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் அது. எடுத்தவர் தெளிவாகச் சொன்னார்: 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12, பெண் என்றாலே இலவச சட்ட உதவிக்குத் தகுதி. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. பிரிவு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன், பரீட்சைக்குப் போகிற என் வகுப்புப் பிள்ளைகள் செய்கிற அதே வேலை.

கவுண்டரில் அதே மனிதர். ஆதாரைப் பார்த்துத் தலையாட்டினார். "வருமானச் சான்று?"

அவர் தலைக்கு மேலேயே பச்சைப் பலகை ஒன்று தொங்கியது. யார் யாருக்கு இலவச சட்ட உதவி என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். வருமான வரம்பு என்பது கடைசியில் தனி வரியாகவும், பெண்கள், குழந்தைகள் என்பது மேலே தனி வரியாகவும் இருந்தது. பெயிண்ட் உரிந்திருந்தாலும் படிக்கும்படிதான் இருந்தது. நான் விரலை நீட்டி, "சார், பெண்கள்னு தனியா போட்டிருக்கே, பிரிவு 12" என்றேன். அவர் திரும்பி, நிமிர்ந்து, வருஷக்கணக்காகத் தன் முதுகுக்குப் பின்னால் தொங்குவதை முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார். "அது சரிம்மா, வழக்கமா வாங்கி வச்சுக்குவோம்" என்றார். செயலாளரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளராக இருப்பவர் ஒரு நீதிபதி. அந்த வார்த்தைக்கு இருக்கிற சக்தி தனி. சான்று பற்றிய பேச்சு அதோடு நின்றது.

கணவர் நம்பர் கட்டத்தில் கோடு போட்டேன். என் நம்பராக பட்டன் போனை எழுதி, 'கடிதம் வேண்டாம், பள்ளி நேரத்தில் மட்டும் அழைக்கவும்' என்று பக்கத்தில் குறித்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

பேனல் வக்கீல், அதாவது ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வக்கீல், ஒரு நடுத்தர வயது மேடம். என் முதல் கேள்வி விவாகரத்தைப் பற்றி இல்லை, "நான் வந்தது வெளியே போகுமா?" என்பதுதான். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம் என்றார். முன்பு சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 132. குமாஸ்தாவுக்கும் அது பொருந்தும் என்று சேர்த்துச் சொன்னார். வழக்கு எடுக்காவிட்டாலும் இன்று பேசியது பேசியதுதான், ரகசியம்தான் என்றார். கவுண்டரிலும் இதை யாராவது ஒட்டி வைக்கலாம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு எரிச்சல். பேச மட்டும் வந்தால் பான் கார்டே போதுமாம். அதில் முகவரி இல்லை, கணவர் பெயர் இல்லை, படமும் பிறந்த தேதியும் இருக்கிறது. இந்த மாதிரி விஷயத்துக்கு அதைவிடப் பாந்தமான அட்டை கிடையாது என்றார். இனிஷியல் வித்தியாசத்துக்கு, மனுப் போடும் நாளில் இரண்டு பெயரையும் 'என்கிற' போட்டுச் சேர்த்து எழுதினால் தீர்ந்தது. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கண்டிப்பாக வேண்டியது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு மனுத் தாக்கல் செய்யும்போதுதான்.

ஆனால் அலைந்தது முழுக்க வீணாகவில்லை. பிரிந்து போய் அம்மா வீட்டில் இருந்தால், மனைவி தான் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். இந்து திருமணச் சட்டம் 19-வது பிரிவில் 2003-ல் சேர்த்த வசதி. சித்தப்பாவின் டீக்கடைக் கூட்டத்துக்கு வெளியே நடக்கும் வழக்கு என்று நினைத்தபோதே மூச்சு வந்தது. அதற்கு அந்த ஊர் முகவரி ஆதாரில் இருந்தால் தாக்கல் செய்யும் இடத்தில் கேள்வி குறையும். வாடகை ரசீது, கரண்ட் பில் என்று என் பெயரில் ஒன்றும் இல்லாவிட்டாலும், அம்மாவைக் குடும்பத் தலைவராகக் காட்டி, உறவுச் சான்று வைத்து, அவர் ஒப்புதலோடு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு என் நம்பர் ஆதாரில் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் வீட்டில் இருக்கும்வரை முகவரியை மாற்றாதீர்கள், புது அட்டை தபாலில் எங்கேயோ போய் மாட்டிவிடப் போகிறது என்றார் மேடம்.

கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் படம், பதிவுச் சான்று மூன்றுக்கும் நகல் சேர்க்கச் சொன்னார். தமிழ்நாட்டில் 2009 நவம்பருக்குப் பிறகு நடந்த கல்யாணம் என்றால் பதிவு கட்டாயம் என்பதால் எங்களுடையதும் பதிவாகியிருக்கிறது; மூலம் லாக்கரில் இருந்தாலும் சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். எங்கள் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்தான் சித்தப்பா மேசை போட்டிருக்கிறார். மனு கொடுக்க அக்காவின் தம்பி போகிறான், வெள்ளிக்கிழமை, சித்தப்பா சபரிமலைக்குக் கிளம்பிய பிறகு.