ஈறு என்ன நிறம்?

நாய், பூனைகளுக்கான ஒரு சின்ன மருத்துவமனையின் முன்மேசையில் எனக்கு வேலை. சென்னையின் தெற்குப் புறநகர். எடை பார்த்து அட்டையில் எழுதுவது, தடுப்பூசித் தேதியை நினைவூட்டுவது, பில் போடுவது, இவ்வளவுதான் என்று நினைத்துச் சேர்ந்தேன். இதெல்லாம் உண்டுதான். ஆனால் டாக்டர் உள்ளே அறுவை சிகிச்சையில் இருக்கும்போது வருகிற போன்களை எடுப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. மறுமுனையில் ஒருவர் அழுதுகொண்டிருப்பார், அல்லது கத்திக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் நாலு பேர் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேரும்வரை என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று நான்தான் சொல்லியாக வேண்டும்.

டாக்டர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு கேள்வி. "பேரு, வயசு, என்ன ஜாதி, எல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்மா. முதல்ல மேல் உதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லு. ஈறு என்ன கலர்ல இருக்குன்னு கேளு." இளஞ்சிவப்பு என்றால் மூச்சு விட்டுப் பேசலாம். வெளுத்திருந்தால் ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது உடம்பு அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டது. நீலம் பாய்ந்திருந்தால் மூச்சுக்காற்று போதவில்லை. செங்கல் சிவப்பு என்றால் வெயில் தாக்கியிருக்குமோ என்று முதலில் யோசிக்க வேண்டும். அடுத்து, ஈற்றை விரலால் அழுத்தி எடுக்கச் சொல்ல வேண்டும். வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும்.

இதையெல்லாம் நான் பழகியது எங்கள் வாசலிலேயே குடியிருக்கும் ஜிம்மியிடம். தெருநாய்தான், கருத்தடை, தடுப்பூசி எல்லாம் ஆனவள். அவளுக்கு ஈறு பாதிக்கு மேல் கறுப்பு. நிறம் தெரியாது. "அப்போ கீழ் இமையை இழுத்துப் பாரு" என்று காட்டிக்கொடுத்தது எங்கள் காம்பவுண்டர் அண்ணன். தொடையின் உள்பக்கத்தில் விரல் வைத்து நாடி பிடிப்பதையும் அவரே சொல்லித்தந்தார். அவள் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவேன். ஓய்வில் இருக்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 10 முதல் 30 மூச்சு. உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நம் 98.6-ஐ மனதில் வைத்துக்கொண்டு "உடம்பு சுடுது, காய்ச்சல்" என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், தடுப்பூசி அட்டையின் முகப்பிலேயே இந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்தால் என்ன என்று தோன்றும். பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் கேட்டையும் உண்டாக்கும். மனிதருக்கு எழுதிய சீட்டு நாய்க்கு ஆகாது.

கேள்வி எளிதுதான். பதில்தான் வராது. "ஈறு கொஞ்சம் வெளுப்பா இருக்கிற மாதிரி இருக்கு மேடம்." சரி, வழக்கமாக எப்படி இருக்கும்? அமைதி. எட்டு வருஷம் வளர்த்த நாயின் உதட்டை ஒருநாளும் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். எடை தெரியாது. தெரியாவிட்டால் எவ்வளவு விஷம் எவ்வளவு உடம்புக்குள் போயிருக்கிறது என்று கணக்குப் போட டாக்டருக்கு வழியில்லை. நாய் நன்றாக இருக்கிற ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் இதையெல்லாம் பார்த்து வைத்திருக்கிறவர்கள் போன் செய்தால் எனக்கு அது குரலிலேயே தெரிந்துவிடும். பதற்றம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் என் கேள்விக்குப் பதில் இருக்கும்.

கத்திரி வெயில் தொடங்கினால் எங்களுக்குப் பக் நாய்களின் காலம். தட்டை மூக்கு. விளம்பரத்தில் பார்த்து ஊரே ஆசைப்பட்டு வாங்கிய ஜாதி. நம் ஊர் மே மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத நாயைத் தேடிப் பிடிப்பது கடினம் என்பது என் கருத்து. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். இதற்கோ இரைக்கவே வழி குறைவு. மாலை ஐந்து மணிக்கு, "வெயில் தாழ்ந்திருச்சே" என்று நடக்கக் கூட்டிப் போவார்கள். தார் ரோடு அப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். புறங்கையை ரோட்டில் சில நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் காலுக்கும் அதே கதிதான்.

உடல் வெப்பம் 106-ஐத் தொட்டால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். இந்தப் போனில் நான் சொல்வது, உடனே கிளம்பாதீர்கள் என்று. முதலில் குளிர்வியுங்கள், பிறகு கிளம்புங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, குறிப்பாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி, மின்விசிறியை முழு வேகத்தில் வைக்க வேண்டும். ஈரத் துண்டால் போர்த்திவிட்டு அப்படியே விடக் கூடாது. சூடு உள்ளேயே தங்கிவிடும். தெர்மாமீட்டர் இருந்தால் 103 வந்ததும் நிறுத்திவிட்டுக் காரில் ஏசியைப் போட்டுக் கொண்டுவரலாம். மயங்கிக் கிடக்கிற நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இது மட்டும் எத்தனை தரம் சொன்னாலும் பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் வரும்: "ஒரு வாய் தண்ணி குடும்மா, பாவம்." அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குத்தான் போகும்.

சமையலறைப் போன்கள் வேறு மாதிரி. சாக்லேட் ஆகாது என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பது தெரியாது. சுகர் ஃப்ரீ என்று போட்ட சூயிங்கத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால், நாயின் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும் என்பதும் தெரியாது. நம் வீடுகளில் பெரிய பிரச்சினை சாம்பார் சோறு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, சில நாள் கழித்துத்தான் சோர்வும் காபி நிறச் சிறுநீரும் தெரியும். "பரம்பரை பரம்பரையா இதைத்தான் போட்டு வளர்த்தோம்" என்பார்கள். அந்த நாய்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தவர் யாருமில்லை என்று நினைத்துக்கொள்வேன், வாய்விட்டுச் சொல்வதில்லை.

மாம்பழ சீசனில் கொட்டை. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், குடலில் போய் அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் வாந்தி எடுத்த பிறகு எக்ஸ்ரே, அப்புறம் அறுவை சிகிச்சை. இந்தக் கொட்டையை எடுத்துக் காட்டும்போது உரிமையாளர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நூலோ நாரோ விழுங்கி, முனை மட்டும் வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினால் இழுக்கக் கூடாது. உள்ளே மாட்டிய நூல் குடலை அறுத்துவிடும்.

என்னை அதிகம் அலைக்கழிப்பது எலி மருந்துப் போன். எல்லாரும் முதலில் செய்வது உப்புக் கரைசலை வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது. ரத்தத்தில் உப்பு ஏறி அதனாலேயே வலிப்பு வரும். மண்ணெண்ணெயோ ஆசிடோ குடித்த நாய்க்கு வாந்தி எடுக்க வைத்தால், ஆசிட் போன வழியே திரும்ப வந்து இன்னொரு தரம் புண்ணாக்கும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் வாந்தி என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், நீங்கள் மருந்தின் டப்பாவையோ அட்டையையோ கையோடு கொண்டுவாருங்கள் என்பேன். அது ஏன் முக்கியம் என்றால், எலி மருந்தில் பல வகை. புரோமடியோலோன் கேக் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் ஓடியாடிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் ரத்தம் உறையாமல் உள்ளுக்குள் கசியும். அதற்கு முன்பே வந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். ஜிங்க் பாஸ்பைடு வேறு ஆள். வயிற்று அமிலத்தோடு சேர்ந்து விஷ வாயுவாகும், சோறோ பாலோ கொடுத்தால் அமிலம் இன்னும் சுரக்கும். ஒரே போனில் "நல்லாத்தான் இருக்கு" என்ற சொல்லைக் கேட்டு நான் சும்மா இருக்க முடியாது.

அடிபட்ட நாய் தன் வீட்டுக்காரரையே கடிக்கும். வலி அப்படி. காம்பவுண்டர் அண்ணன் ஒரு நீளக் காஸ் துணியில் வாய்க்கட்டு போடக் கற்றுத்தந்தார்: மூக்குத்தண்டின் மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழ் ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் அவிழ்க்க எளிதான முடிச்சு. வாந்தி எடுக்கிற நாய்க்கும், மூச்சுத் திணறுகிற நாய்க்கும், தட்டை மூக்குக்காரர்களுக்கும் இது கூடாது. அப்படியும் கடித்துவிட்டால் நாயை ஒரு நிமிடம் மறந்துவிட்டுக் கடிபட்ட கையைப் பார்க்க வேண்டும். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அதன் பிறகு அரசு மருத்துவமனையில் ஊசி. குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இலேயே வந்துவிட்டது. இருந்தும் "நம்ம வீட்டு நாய்தானே" என்று வெறிநாய்க்கடி ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

காலி மனைகள் நிறைந்த பகுதி என்பதால் பாம்புக்கடியும் வரும். நாய் மூக்கை நீட்டிக்கொண்டு போகும், முகத்திலோ முன்னங்காலிலோ வாங்கிக்கொள்ளும். கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே, நடக்க விடாதே, தூக்கிக்கொண்டு வா. பாம்பைத் தேடிப் போக வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், மனிதருக்குப் போடுகிற அதே மருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு பிடித்து விஷம் எடுக்கிறார்களே, அந்த விஷத்திலிருந்துதான் இம்மருந்து தயாராகிறது. அவர்கள் உழைப்பில் மனிதர்களோடு சில நாய்களும் பிழைக்கின்றன.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நாய்க்கும் நடக்கிறது. வேண்டாம். பக்கத்திலிருக்கும் நாற்காலியை நகர்த்திவிட்டு, விளக்கை அணைத்து, கடிகாரத்தைப் பார்த்தால் போதும். 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசரம். முடிந்தால் வீடியோ எடுத்துவையுங்கள். டாக்டருக்கு அது நூறு கேள்விக்குப் பதில். மூச்சும் இதயமும் நின்றுபோனால் பக்கவாட்டில் படுக்க வைத்து நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக. பிழைப்பது அரிது என்பதையும் டாக்டர் ஒளிக்காமல் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்.

இவ்வளவு இருந்தாலும், மேசைக்கு வருகிற கேஸ்களில் நிறைய ஒரு கொக்கியிலோ ஒரு கதவிலோ தடுத்திருக்கக் கூடியவை. லிஃப்ட் கதவு மூடும்போது நாய் வெளியே, சங்கிலி உள்ளே. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிக் குதித்தது. கேட் திறந்திருந்தது. தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடியது, கழுத்துப்பட்டையில் போன் நம்பர் இல்லை. உண்ணிக்கென்று வாங்கிய மருந்தை "ரெண்டு மூடி சேர்த்து ஊத்தினா சீக்கிரம் போகும்" என்று ஊற்றி, நாய் அதை நக்கி, நிற்க முடியாமல் வந்தது. இவற்றுக்கு முதலுதவியைவிட ஒரு தாழ்ப்பாள் உதவும்.

இப்போது முதல் ஊசிக்குக் குட்டியோடு வருகிறவர்களை நான் சும்மா அனுப்புவதில்லை. எடையை அவர்கள் கையாலேயே எழுத வைக்கிறேன். குட்டியின் உதட்டைத் தூக்கச் சொல்கிறேன். மூச்சை எண்ணச் சொல்கிறேன். ராத்திரியில் திறந்திருக்கும் மருத்துவமனையின் நம்பரைப் போனில் சேமித்துக் காட்டச் சொல்கிறேன். போன வாரம் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே டாக்டரிடம் புகார் சொன்னார்: "ஊசி போட வந்தா இந்தப் பொண்ணு பரீட்சை வைக்குது டாக்டர்." டாக்டர் கையுறையைக் கழற்றியபடியே கேட்டார்: "பாஸா, ஃபெயிலாம்மா?" அந்த அம்மா எடையை மட்டும் மறந்துவிட்டார். மறுபடி எழுதச் சொன்னேன்.