போட்ஸ்பியோர்ட்: மீன் வரக் காத்திருந்த நாட்கள்

20 அக்டோபர் 2024

மீன் ஆலையிலிருந்து வேலைக்கு அழைக்கும் கடிதம் இன்றும் வரவில்லை. துறைமுகத்தில் இரண்டு ரஷ்யக் கப்பல்கள் நிற்கின்றன. உக்ரைன் போர் தொடங்கிய 2022இலிருந்து ரஷ்ய மீன்பிடிக் கப்பல்களுக்குத் திறந்திருக்கும் நோர்வேத் துறைமுகங்கள் திரொம்சோ, கிர்கெனெஸ், எங்கள் போட்ஸ்பியோர்ட் ஆகிய மூன்று மட்டுமே.

27 அக்டோபர்

ரஷ்யாவுடனான மீன்பங்கீட்டுப் பேச்சு இன்னும் முடியவில்லை. நாங்கள் நம்பியிருக்கும் தொர்ஸ்க் (காட்) மீன், நோர்வேயின் லொஃபோத்தன் தீவுக் கரையில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தில் வடகிழக்கே போய்ப் பேரன்ட்ஸ் கடலில், ரஷ்யப் பக்கத்திலும், வளர்கின்றன. அங்கே குஞ்சுகளை அள்ளிவிட்டால் இங்கே பெரிய மீன் ஏது? பனிப்போர்க் காலத்திலும் முறியாத இந்த ஏற்பாடு இந்தப் போரில் முறிந்துவிடுமோ என்ற பயத்தில் இரவு முழுவதும் உறக்கமில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடல் மூடப்பட்ட நாட்களில் ஐயா கரையிலேயே உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

3 நவம்பர்

மீன் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.

10 நவம்பர்

உடன்பாடு வந்துவிட்டது என்று அறிந்து அழுதேன்; அளவைக் கேட்டபின் அழுகை வேறாகிவிட்டது. 2025க்கு இரு நாடுகளுக்கும் பிறருக்கும் சேர்த்து 340,000 தொன் தொர்ஸ்க் பிடிக்கலாம். 1991க்குப் பிறகு இவ்வளவு குறைவாக இருந்ததில்லை. நான் 1988இல் வந்து, வெட்டும் மேசையில் நின்ற முதல் ஆண்டுகளில் பார்த்த வெறும் தொட்டிகள் மீண்டும் கண்முன் வருகின்றன. 2013இல் இதே அளவு பத்து இலட்சம் தொன். அப்போது கடல் சூடேறி, பனிவிளிம்பு பின்வாங்க, மீனும் வடக்கே பரவிப் பெருகியது. இரவு வேலைக்கும் ஆள் போதாமல் இருந்தது. வெப்பம் எங்களுக்கு நல்லதே செய்யும் என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை தவறு. கடல் இன்னும் சூடாகவே இருக்கிறது; குஞ்சுகளோ ஆண்டுக்காண்டு குறைவாகவே தேறுகின்றன. மீனை எண்ணுவதும் கடினமாகிவிட்டது: 2022இல் சர்வதேசக் கடலாய்வுச் சபை ரஷ்யாவை இடைநிறுத்தியதால், இந்தக் கடலுக்கான கணக்கை நோர்வே, ரஷ்ய விஞ்ஞானிகள் அந்தச் சபைக்கு வெளியே தாங்களே சேர்ந்து போடுகிறார்கள். அவர்கள் பேசிக்கொள்வதையும் யாராவது நிறுத்திவிடக் கூடாது.

24 நவம்பர்

சூரியன் போய்விட்டது. ரஷ்யக் கப்பல் ஒன்றுதான் நிற்கிறது.

8 டிசம்பர்

கடலில் ஜிபிஎஸ் மீண்டும் தடுமாறியதாகப் பக்கத்து வீட்டு மீனவர் சொன்னார். வார்டோத் தீவின் இராணுவ ராடர் கோளங்கள் கிழக்கையே பார்த்திருக்க, சிறிய படகில் தனியாகப் போகிறவர் கரையை எப்படிக் கண்டுபிடிப்பார்? கடிதம் இல்லை.

12 ஜனவரி 2025

நாளை ஆறு மணிக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பெட்டி மீன் என்று சொல்லவில்லை.