தேக்கடியில் யானை தெரியவில்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு

மூன்று நாள் தங்கியிருந்த நாத்தனார் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மாலை மதுரைக்குக் கிளம்பியது. அன்றிரவு மிச்சமிருந்த புளிக்குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டபடி, வீட்டில் ஐந்து பேரும் ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்தோம். அவர்களைக் கூட்டிப்போன இடங்களில் எது நன்றாக இருந்தது, எங்கே காசையும் நேரத்தையும் வீணடித்தோம் என்பதுதான் பேச்சு. தேக்கடியை ஒட்டிய கேரள எல்லை ஊரான குமுளியில் குடியிருப்பவர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் பேச்சு. சமவெளியில் வெயில் ஏற ஏற எங்கள் வீட்டுக்குப் போன் வரத் தொடங்கும். "தேக்கடிக்கு வரலாம் என்றிருக்கிறோம், என்னவெல்லாம் பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். நான் மலைக்குக் கீழே, தேனி மாவட்டத்துக் கூடலூரில் பிறந்தவள். கல்யாணமாகிக் குமுளிக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. கேட்கிற ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி மாய்வதைவிட இங்கே எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

படகிலிருந்தே தொடங்குகிறேன், வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். சொந்த வண்டியில் வந்தாலும் ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு, வனத்துறை பஸ்ஸில் ஏறித்தான் படகுத்துறைக்குப் போக வேண்டும். நாங்கள் காலை 7.30 மணிக்கான முதல் படகைத் தவறவிட்டோம். மதினி (நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) குளித்து, தலை காயவைத்துக் கிளம்புவதற்குள் அந்த நேரம் கடந்துவிட்டது. அடுத்த படகில் இடம் கிடைத்தது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும், யாரும் இருக்கையை விட்டு எழக் கூடாது என்று படகில் இருந்தவர் கண்டிப்பாகச் சொன்னார். அண்ணனுக்கு (நாத்தனார் கணவர் எனக்கு அண்ணன் முறை) அந்த அதட்டல் பிடிக்கவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அதன் பிறகு அவர் ஜாக்கெட்டின் வாரை இன்னும் ஒரு தடவை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் பார்த்தவை: கரையில் இரண்டு மிளா, குட்டிகளோடு ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம், தூரத்தில் கறுப்பாகத் தெரிந்த காட்டுமாடுகள். யானை இல்லை. நாத்தனார் மகனுக்கு ஒன்பது வயது. இரவல் வாங்கிய பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே வந்தான். கரை இறங்கியதும், "ஏமாற்றிவிட்டார்கள் அத்தை" என்றான். "இதற்கு உயிரியல் பூங்காவுக்கே போயிருக்கலாம்" என்றார் அண்ணன்.

எனக்கு அது வலித்தது. பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர் காடு. அதில் ஏரி வெறும் 26 சதுர கிலோமீட்டர்தான். அவ்வளவு பெரிய காட்டில் வாழும் யானை, நாம் டிக்கெட் எடுத்த நேரத்துக்கு ஏன் தண்ணீருக்கு வர வேண்டும்? மார்ச், ஏப்ரலில் காடு காய்ந்து கிடக்கும்போது அவை ஏரிக்கரைக்கு இறங்கும். ஒரு கோடை மழை பெய்துவிட்டால் காட்டுக்குள்ளேயே ஓடையும் புல்லும் இருக்கும், ஏரி அவற்றுக்குத் தேவைப்படாது. யானைதான் பார்க்க வேண்டும் என்றால் மழைக்கு முன்னால் வாருங்கள், முதல் படகைப் பிடியுங்கள் என்பது என் மகனின் தீர்ப்பு. ஏழாம் வகுப்பு படிக்கிறான், இந்தப் படகில் பதினோரு தடவை போயிருக்கிறான், நான்கு தடவை யானை பார்த்திருக்கிறான். நோட்டில் கணக்கு வைத்திருக்கிறான்.

நான் சொல்ல வருவது வேறு. விலங்கைத் தேடுகிற கண் தண்ணீரைப் பார்ப்பதில்லை. அந்த ஏரி முழுக்கப் பட்ட மரங்கள் நிற்கின்றன. மே மாதத்தில் தண்ணீர் இறங்கியிருப்பதால் அவை இன்னும் உயரமாகத் தெரியும். எங்கள் படகு ஒரு மரத்தை ஒட்டிப் போனது. பட்டை எப்போதோ போய்விட்டது. உடம்பு வெளுத்து, விரல் நுழையும் அளவுக்கு நெடுக வெடித்திருந்தது. தண்ணீர் நின்று நின்று இறங்கிய அளவுகள் அடுக்கடுக்காக, கீழே கறுப்பும் மேலே சாம்பலுமாகப் பதிந்திருந்தன. உச்சியில் ஒரு பாம்புத்தாரா, நனைந்த இறக்கைகளை இரண்டு பக்கமும் விரித்து, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. நாங்கள் கடந்து போகும்வரை அது தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அந்த மரமெல்லாம் ஏன் செத்துப்போச்சு?" என்று பையன் கேட்டான். அவன் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான் என்பேன். இது ஏரியே இல்லை, காடு. ஆங்கிலேயர்கள் 1886-ல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை போட்டு, 1887-ல் வேலையைத் தொடங்கி, 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார்கள். காட்டுக் காய்ச்சலையும் வெள்ளத்தையும் தாங்கி அந்த வேலையை நடத்தியவர் பொறியாளர் பென்னிகுயிக். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். தேங்கிய தண்ணீரில் மூழ்கிய காட்டின் மிச்சம்தான் அந்த மரங்கள். "உன் அம்மாச்சியின் பாட்டி காலத்து மரமடா இது" என்றேன். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களின் வயலுக்கும் குடத்துக்கும் போவது இந்தத் தண்ணீர். மதுரையில் அவன் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவதும் வைகை அணை வழியாகப் போகும் இதே தண்ணீர்தான்.

அணையைக் காட்டுங்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே அனுமதி இல்லை, படகும் அதுவரை போகாது. என் அப்பாவுக்குக் கூடலூரில் ஒன்றரை ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. எழுபத்திரண்டு வயதாகிறது, இன்றுவரை அணையை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்டால் பேப்பரைப் பார்க்காமலே சொல்வார். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று தெருவில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர். அதே நேரத்தில், அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு பக்கம் இருக்கிறவர்களுக்கு அடைமழை நாட்களில் தூக்கம் வருவதில்லை என்பதையும் இங்கே வந்த பிறகு அறிந்தேன். என் பக்கத்து வீட்டுச் சேச்சியின் தங்கை அங்கேதான் இருக்கிறாள். 2011 டிசம்பரில் அணைத் தகராறில் எல்லை மூடிக்கிடந்தபோது, கைக்குழந்தையோடு இருந்த எனக்குப் பால் வாங்கி வந்து கொடுத்தவரும் அந்தச் சேச்சிதான். அதனால் வருகிறவர்கள் படகில் உட்கார்ந்து அணையைப் பற்றிக் கத்திப் பேசும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

யானைச் சவாரியைப் பற்றி என் மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "போகாதீர்கள்." நாத்தனார் மகளும் இவளும் ஓர் இடத்தில் போய் நின்றார்கள். சிமென்ட் தரையில் ஒரு பெண் யானை, முன்காலில் சங்கிலி. ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு அடுத்த குடும்பத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சங்கிலி உரசிய இடத்தில் தோல் இளஞ்சிவப்பாக இருந்ததாம். இரண்டு பேரும் டிக்கெட் வாங்காமல் திரும்பிவிட்டார்கள். படகில் யானை தெரியாத ஏமாற்றத்துக்கு இது ஈடாகாது.

அந்தக் காசைக் காட்டுக்குள் நடப்பதற்குக் கொடுங்கள் என்று என் கணவர் சொன்னார், இந்த ஒன்றில் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து. படகுத்துறையின் அருகில் மூங்கில் தெப்பத்தில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய், மூன்று மணி நேரம் வழிகாட்டியோடு நடக்கவிடுகிறார்கள். அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை துணிக் காலுறை தருவார்கள், அதைக் கழற்றிவிடாதீர்கள். எங்களோடு வந்த வழிகாட்டி மன்னான் என்ற பழங்குடிச் சமூகத்தவர். அவர் பேசியது மலையாளமும் இல்லை, நம் தமிழும் இல்லை, ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு முக்கால்வாசி புரியும். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று அவர் சொன்னதும் அண்ணனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! வழியில் நின்று மண்ணில் ஒரு கால்தடத்தைக் காட்டினார். ஓரம் இன்னும் சரியாமல், உள்ளே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. யானை போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது என்றார். பையன் தன் இரண்டு பாதங்களையும் அதற்குள் வைத்துப் பார்த்தான். இன்னும் இடம் இருந்தது. கருமந்தியும் மலையணிலும் தலைக்கு மேலேயே இருந்தன. இருவாச்சியின் இறக்கைச் சத்தம் மட்டும் கேட்டது, பறவை தெரியவில்லை.

இங்குள்ள வழிகாட்டிகளில் சிலர், ஒரு காலத்தில் இதே காட்டில் வயணா என்ற காட்டு லவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள். 1990-களின் கடைசியில் வழக்குகளிலிருந்து மீண்டு, குழு அமைத்துக் காட்டைக் காக்கும் வேலைக்கு வந்தார்கள். கள்ளப் பாதைகள் எல்லாம் தெரிந்தவர்கள் காவலுக்கு நின்றால் வேறென்ன வேண்டும்? 2002 முதல் வசந்த சேனை என்ற பெயரில் கூலியே வாங்காமல் காட்டுக்குள் ரோந்து போகும் பெண்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஒருத்தி என் மகளின் தோழியுடைய அம்மா. படகுத்துறையில் இவர்களைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

மசாலாக் கடைகளைப் பற்றி என் கணவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஏலக்காய் வாங்கி விற்பவர் அவர். வாடகை வண்டி ஓட்டுநர் தானாகக் கொண்டுபோய் நிறுத்துகிற கடையில் வாங்காதீர்கள் என்பது அவருடைய முதல் வேண்டுகோள். மதினி இந்தத் தடவையும் அப்படி ஒரு கடையில் கால் கிலோ வாங்கி, வீட்டுக்கு வந்து பெருமையாகக் காட்டினார். இவர் ஒன்றும் சொல்லாமல் அதில் ஒரு காயையும், தன் சாக்கிலிருந்து ஒரு காயையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து நகத்தால் உடைத்தார். கடைக் காய் பெரியதாக, பச்சையாக இருந்தது. உள்ளே அரிசி பழுப்பேறிச் சுருங்கிப்போய், தட்டினால் உதிர்ந்தது. இவருடைய காய் சின்னது. ஆனால் அரிசி கறுகறுவென்று, ஒன்றோடொன்று பிசினாக ஒட்டியிருந்தது. மோந்து பார்க்கத் தேவையே இல்லாமல் அறை முழுக்க மணம் பரவியது. "எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய்க்கு விலை அதிகம் அக்கா, பாயசத்துக்கு ஏழே போதும்" என்றார். பஸ் நிலையப் பக்கம் உள்ளூர்க்காரர்கள் வாங்கும் கடையில் ஒரு காயை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். உடைக்க விடாத கடையில் வாங்காதீர்கள். காலை ஆறரைக்குக் கீழிருந்து ஜீப் ஜீப்பாக மேலே வந்து, இருட்டும் நேரம் திரும்பும் பெண்கள் எடுத்த காய் அது. என் சித்தி இருபது ஆண்டு அப்படி வந்து போனவர். பழைய காயைப் பளபளப்பான பையில் போட்டு விற்பதைப் பார்த்தால் எனக்கு அவருடைய கறை படிந்த விரல்கள்தான் நினைவுக்கு வரும்.

ராமக்கல்மேடு போனோம். காற்று ஆளைத் தள்ளியது, குறவன் குறத்தி சிலையருகே படம் எடுத்தோம், அத்தை (என் மாமியார்) வண்டியை விட்டு இறங்கவில்லை. செல்லார்கோவில் எனக்கு அதைவிடப் பிடிக்கும். மலை விளிம்பில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கும், திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் கட்டம் கட்டமாகத் தெரியும். மாலையில் களரி ஆட்டம் பார்த்தோம். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை, பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

அத்தைக்கு இவை எதுவும் பொருட்டில்லை. அவருக்குத் தேக்கடி என்றால் மங்கலதேவிதான். மலையுச்சியில் இரு மாநில எல்லையில் இருக்கும் கண்ணகி கோயில் அது, சித்ரா பௌர்ணமி அன்று ஒரே ஒரு பகல் மட்டும்தான் அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், நம் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். எழுபது வயதிலும் அத்தை நடந்துதான் ஏறுவேன் என்கிறார். கூரை சரிந்த கற்களுக்கு நடுவே சந்தனம் பூசிய முகம், மஞ்சள் கயிறு, வளையல், காற்று. மதுரையை எரித்துவிட்டு வந்தவளை மதுரைக்காரர்கள் பார்க்காமல் போகிறார்களே என்று மகளிடம் சண்டையே போட்டார். "அடுத்த சித்திரைக்கு வருகிறேன் அம்மா" என்று மதினி சத்தியம் செய்த பிறகுதான் விட்டார்.

கிளம்பும்போது பையனிடம், இறங்குகிற வழியில் லோயர் கேம்ப் வருவதற்கு முன்னால் ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். ஏரியின் தண்ணீர் மலையைத் துளைத்து வந்து, ராட்சதக் குழாய்களில் மின் நிலையத்துக்கு இறங்கும் இடம் அது. மின்சாரத்துக்குப் போக மிஞ்சிய தண்ணீர் இரைச்சல் பாலத்தில் விழும். ஆனால் மே மாதத்தில் அங்கே சத்தம் இருக்காது. கீழே பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது, ஐந்து நிமிடம் இறங்கிப் பாருங்கள் என்றேன். ஜனவரி 15 அன்று அவருடைய பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கும் ஊர்க்காரர்களில் என் அப்பாவும் ஒருவர்.

நாங்கள் வாக்குவாதம் முடித்துத் தட்டைக் கழுவும்போது மதினி போன் செய்தார். ஆண்டிபட்டி தாண்டிவிட்டார்களாம். பையன் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"அத்தை, நாலு குழாய். வண்டியை நிறுத்தச் சொல்லி எண்ணினேன்."